பலர் மாறி மாறி வந்து இருக்கும் கணினி அறைக்கு எந்த லொகின்?

திருகோணமலை நகரத்திலும் உவர்மலை, உப்புவெளி, பாலையூற்று, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் சின்னச் சின்னக் கணினி அறைகள் பல இருக்கின்றன. ரியூஷன் நிலையத்தின் பின் அறையாக இருக்கும், சனசமூக நிலையத்தின் ஒரு பக்கமாக இருக்கும். பதினைந்து இருபது மெஷின், ஒரு பழைய சேர்வர், ஒரு ரவுட்டர். பின்னேரம் சாதாரண தரப் பிள்ளைகள், இரவில் உயர்தரம், சனி ஞாயிறில் வேலைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள். இப்படி ஒரு அறையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய கேள்விதான் இது: இத்தனை பேரும் கணினிக்குள் எப்படி நுழைவது?

கடைக்காரரும் இன்ரநெற்றும் 'எது பலமான பாதுகாப்பு' என்ற அளவுகோலைத்தான் தருவார்கள். அதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலில் கேட்க வேண்டியது, கடவுச்சொல்லை மறந்த பிள்ளை வாசலில் நிற்கும்போது என்ன நடக்கும் என்பது. ஃபைபர் இணைப்பு அறுந்து இன்ரநெற் இல்லாத நாளிலும், பொறுப்பாளர் கொழும்புக்குப் போயிருக்கும் கிழமையிலும் அந்த அறை இயங்குமா? இதற்குப் பதில் இல்லாத முறை எவ்வளவு பலமாக இருந்தாலும், இரண்டு மாதத்தில் எல்லாரும் அதைச் சுற்றிப் போக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்று பெரும்பாலான அறைகளில் இருப்பது பொதுக் கணக்கு. எல்லா மெஷினிலும் 'ஸ்டூடன்ட்' என்று ஒரே பெயர், வெண்பலகையின் மூலையில் எழுதி வைத்த ஒரே கடவுச்சொல். வசதியை மறுக்க முடியாது. வகுப்பு தொடங்கி ஒரு நிமிடத்தில் எல்லாரும் உள்ளே, யாரும் மறப்பதில்லை, நிர்வாகி தேவையே இல்லை. ஆனால் உயர்தர மாணவி ஒருத்தி கிழமைக்கணக்கில் செய்த செயற்றிட்டம் டெஸ்க்டொப்பில் இருந்து காணாமல் போனால், யார் அழித்தது என்று கணினிக்கே தெரியாது. அதைப் பொறுத்தவரை அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு ஆள். அதைவிட மோசமானது பிரவுசர். முந்தைய பிள்ளை வெளியேற மறந்த மின்னஞ்சல் அடுத்தவருக்குத் திறந்து கிடக்கும். பெண் பிள்ளைகளின் படங்களும் குடும்ப விஷயங்களும் அப்படித்தான் வெளியே போகின்றன. இந்த ஒரு காரணமே பொதுக் கணக்கைக் கைவிடப் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு இடம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். பெறுபேறு பார்க்கவும் படிவம் ஒன்றை அச்சிடவும் வந்து போகிறவர்களுக்குக் கணக்குத் திறந்துகொண்டிருக்க முடியாது. வாசலுக்குப் பக்கத்து மெஷின் ஒன்றிரண்டில், வெளியேறியதும் எல்லாம் தானாக அழிந்துவிடும் விருந்தினர் அமர்வை வையுங்கள். பொதுக் கணக்கு அங்கேயே நிற்கட்டும்.

அடுத்த வழி, ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாகக் கணக்குத் திறப்பது. மூன்று நான்கு கணினி உள்ள அலுவலகத்துக்கு இது நல்ல முறை. வலையமைப்பு வேண்டாம், சேர்வர் வேண்டாம், கரண்ட் வந்தால் லொகின் ஆகலாம். இருபது மெஷினும் நூறு பிள்ளைகளும் என்றால் கணக்குகளின் எண்ணிக்கை இரண்டாயிரம். அதை யாரும் செய்யமாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு மெஷினோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். அந்த மெஷின் பழுதானால் பிள்ளையின் வேலையும் அதோடு போய்விடும்.

அப்புறம், எனக்குச் சரியாகப் படுகிற வழி: பயனர் பட்டியல் முழுவதும் அறைக்குள்ளேயே உள்ள ஒரு சேர்வரில் இருப்பது. பிள்ளை எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அதே பெயர், அதே கடவுச்சொல், அதே கோப்புகள். இதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இப்படிப் பயனர் பட்டியலை ஓரிடத்தில் வைத்து நடத்தும் மைக்ரோசொஃப்ட்டின் மென்பொருள் அக்டிவ் டிரெக்டரி. அது செய்யும் வேலையை 2012இல் வந்த சம்பா 4 என்ற மென்பொருள் இலவசமாகச் செய்கிறது. இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்ட மெஷின்களும் விண்டோஸ் மெஷின்களும் அதில் சேரலாம். ஒரு எச்சரிக்கை: விண்டோஸின் ஹோம் பதிப்பை இப்படிச் சேர்க்க முடியாது, புரோ வேண்டும். நன்கொடையாக வரும் மடிக்கணினிகளில் பல ஹோம் பதிப்பாக இருக்கலாம். ஏற்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த முறையின் பலவீனம், எல்லாம் ஒரு பெட்டியை நம்பி இருப்பது. 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் நின்ற காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேர்வருக்கு யூ.பி.எஸ். கொடுப்பார்கள். மெஷின்களை இணைக்கும் ஸ்விட்சுக்குக் கொடுக்க மறந்துவிடுவார்கள். சேர்வர் உயிரோடு இருக்கும், ஆனால் யாருக்கும் அதை எட்ட முடியாது. இரண்டையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள்.

சேர்வர் எட்டாத நேரத்திலும் லொகின் ஆவதற்கு ஒரு வழி உண்டு. ஏற்கெனவே அந்த மெஷினில் நுழைந்தவரின் விவரத்தை மெஷினே நினைவில் வைத்திருக்கும். லினக்ஸில் எஸ்.எஸ்.எஸ்.டி. என்ற மென்பொருள் இதைச் செய்யும், ஆனால் நாமாகத்தான் அதை இயக்கிவிட வேண்டும். விண்டோஸில் தானாகவே இயங்கும், ஆனால் கடைசியாக வந்த 10 பேரைத்தான் வைத்திருக்கும். ஓர் அலுவலகத்துக்கு 10 தாராளம். ஒரே நாளில் மூன்று வகுப்பு மாறும் அறையில் இன்று வந்த பிள்ளையின் பெயர் சில நாளிலேயே வெளியே தள்ளப்பட்டிருக்கும். அந்த எண்ணை 50 வரை கூட்டலாம், கூட்டிவிடுங்கள். கோப்புகள் சேர்வரில் மட்டும் இருந்தால் இந்த நினைவால் பாதிப் பயன்தான் என்பதையும் மறக்கக்கூடாது. நுழையலாம், ஆனால் நேற்றுச் செய்த வேலை கண்ணில் படாது.

இன்னொரு பிழையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலரை அலைக்கழிக்கிறது. அக்டிவ் டிரெக்டரியும் சம்பாவும் கெர்பரோஸ் என்ற முறையில் ஆளை உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் அதீனா திட்டத்தில் 1980களில் உருவானது அது. கடவுச்சொல்லை வலையமைப்பில் அனுப்பாமல், நேரம் குறித்த ஒரு சீட்டை வாங்கி அதைக் காட்டும். நேரம் குறித்த சீட்டு என்பதால் மெஷினின் கடிகாரமும் சேர்வரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காது. பழைய மெஷின்களில் மதர்போர்ட்டில் இருக்கும் காசு அளவு பட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். பிள்ளை சரியான கடவுச்சொல்லைத்தான் அடிக்கிறது, மெஷின் உள்ளே விடாது. "சேர், நேற்று வேலை செய்தது" என்று முகம் வாடும். நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பார், அதுவும் வேலை செய்யாது. திரையில் உள்ள திகதியைப் பார்த்தால் விஷயம் அப்போதே விளங்கிவிடும். பட்டரியை மாற்றுங்கள். இன்ரநெற் இல்லாத நாளிலும் எல்லா மெஷினும் சேர்வரிடமே நேரம் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

சேர்வரில் கடவுச்சொற்கள் எப்படி இருக்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய கணினிகளில் கடவுச்சொல்லை முதன்முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று எம்.ஐ.டி.யில் 1961இல் செய்து காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு. அதை வழிநடத்தியவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று பங்கு வைத்திருந்தார்கள். தன் பங்கு போதவில்லை என்று அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் 1962இல் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்து, மற்றவர்களின் நேரத்தைப் பயன்படுத்தினார். கடவுச்சொற்கள் அப்படியே எழுத்தில் கிடந்ததால்தான் அது முடிந்தது. அதற்குப் பிறகு வந்த யூனிக்ஸ் இயங்குதளம், கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி குலைத்துச் சேமிக்கும் முறைக்கு மாறியது. ஆனால் நம் அறைகளில் பல இன்னும் 1962இல்தான் நிற்கின்றன. எல்லாப் பிள்ளைகளின் கடவுச்சொல்லும் ஒரு சிஆர் கொப்பியில் வரிசையாக எழுதி, மேசை லாச்சிக்குள் இருக்கும். 'மறந்தால் சொல்லிக் கொடுக்கத்தானே' என்பார்கள். மறந்தால் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை, புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தால் போதும். அந்தக் கொப்பியைக் கிழித்துப் போடுங்கள்.

சம்பாவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. விண்டோஸோடு ஒத்துப்போவதற்காக அது சேமிக்கும் வடிவம் பழையது, பலமில்லாதது. சேர்வரின் பட்டியல் கோப்பு ஒருவர் கையில் கிடைத்தால் இலகுவான கடவுச்சொற்களை அவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே சேர்வர் பூட்டிய அலுமாரிக்குள் இருக்க வேண்டும். பேக்கப் எடுத்த டிஸ்க்கும் அப்படித்தான்.

இதற்கு மாற்றாகப் பலர் சொல்வது, எல்லாவற்றையும் கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கில் விட்டுவிடலாம் என்பது. அங்கீகாரம் பெற்ற பாடசாலைகளுக்குக் கல்விப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கும். பாதுகாப்பை நம்மைவிடத் திறமையானவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உண்மைதான். நல்ல ஃபைபர் இணைப்பும் பாடசாலைப் பதிவும் உள்ள இடத்துக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் ரியூஷன் நிலையத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும் அந்த இலவசம் கிடைப்பது கஷ்டம். தனித்தனி ஜிமெயில் என்றால் கட்டுப்பாடு பிள்ளையிடமும் அந்தக் கொம்பனியிடமும் இருக்கும், நம்மிடம் இருக்காது. மறந்துபோனால் மீட்பு எண் கேட்கும். அந்த எண் யாருடையது என்று பார்த்தால், ஒரு வருடத்துக்கு முன் மாற்றிய சிம்மாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றில் மரம் முறிந்து லைன் அறுந்த நாளில் புதிதாக ஒரு மெஷினில் நுழையவும் முடியாது.

நுழையும்போது போனுக்குக் குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தை நான் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன். வங்கிகள் பயன்படுத்துவதால் அது உயர்ந்த பாதுகாப்பு என்ற எண்ணம் இருக்கிறது. ஒருவரின் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் எடுத்து ஏமாற்றும் மோசடி உலகெங்கும் நடந்திருக்கிறது. அது ஒரு புறம் இருக்கட்டும். இங்கே முதல் தடை வேறு: போன் பிள்ளையிடம் இல்லை. அது அப்பாவிடம் இருக்கிறது, அப்பா கடலில் இருக்கிறார். பின்னேரம் நான்கு மணி வகுப்புக்கு வந்த பிள்ளை, வள்ளம் கரைக்கு வரும்வரை வெளியே நிற்கவா?

விரல் ரேகையைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். வரவு பதியும் மெஷின்கள் மலிவாகிவிட்டதால் வந்த ஆசை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வலை இழுக்கும் கையிலும் உப்பளத்தில் வேலை செய்யும் கையிலும் ரேகை தேய்ந்திருக்கும், ஈரக் கையைக் கருவி ஏற்காது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல் அடையாளத் தரவையும் சிறுவர்களின் தரவையும் விசேட வகையாக வைத்திருக்கிறது. நூறு பிள்ளைகளின் ரேகையை ஒரு பழைய சேர்வரில் சேர்த்து வைக்கும் பொறுப்பை எந்த நிர்வாகக் குழுவும் ஏற்கக்கூடாது.

பென் டிரைவ் போல மெஷினில் செருகும் யூ.எஸ்.பி. பாதுகாப்புத் திறப்பு வேறு மாதிரி. போலித் தளத்தில் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும் ஆபத்தை அது அடியோடு நிறுத்துகிறது, ஏனென்றால் பிரவுசர் சொல்லும் தள முகவரி பதிந்த முகவரியோடு பொருந்தினால்தான் அது பதில் கொடுக்கும். ஆனால் ஆளுக்கு இரண்டு வேண்டும், ஒன்று தொலைந்தால் மற்றது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கக் கட்டுபடியாகாது. கடற்கரைக் காற்றில் யூ.எஸ்.பி. வாயில் துருப்பிடிப்பதையும் இங்குள்ளவர்கள் அறிவார்கள். நிர்வாகி ஒருவருக்கோ இருவருக்கோ என்றால், முடிந்தால் வாங்குங்கள்.

ஆசிரியர்களுக்கு இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது: 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கத்தைக் காட்டும் போன் செயலி. 2011இல் தரமாக்கப்பட்ட முறை இது. இதற்கு இன்ரநெற்றும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். தொடக்கத்தில் ஒருமுறை பகிர்ந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் வைத்துப் போனும் சேர்வரும் தனித்தனியே ஒரே இலக்கத்தைக் கணக்கிடுகின்றன. புள்ளிகளும் பிள்ளைகளின் வீட்டு விவரங்களும் பார்க்கும் ஆசிரியர் கணக்குக்குக் கடவுச்சொல் மட்டும் போதாது என்பதால் இதைக் கட்டாயமாக்கலாம். போன் தொலைந்தால் உதவும் மாற்று இலக்கங்களை முதல் நாளே அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சரி, பிள்ளைகளுக்குக் கடவுச்சொல்தான் என்று முடிவானால், எப்படிப்பட்ட கடவுச்சொல்? பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்ற பழைய சட்டங்களை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தரநிலைகளை வகுக்கும் நிஸ்ட் நிறுவனமே 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் அவற்றை வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் மாற்றினால் போதும். நீளம்தான் முக்கியம். தொடர்பில்லாத நான்கு சொற்கள், 'நண்டு தகரம் புதன் ஊஞ்சல்' போல ஒன்று, பிள்ளைக்கு நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். ஊர்ப் பெயரோடு 123, கோயில் பெயரோடு வருடம், இவற்றை முதலிலேயே தடைப்பட்டியலில் போட்டுவிடுங்கள்.

அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக்கும் பழக்கமும் இங்கே உண்டு. 12 இலக்கப் புதிய எண்ணில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூடும். பிறந்தநாள் தெரிந்த எவருக்கும் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பயனர் பெயராகவும் அதை வைக்க வேண்டாம். சேர்ந்த வருடமும் ஒரு தொடர் இலக்கமும் போதும்.

தமிழிலேயே கடவுச்சொல் அடிக்கலாமா என்று கேட்டால், மனம் ஆமாம் என்கிறது, அனுபவம் வேண்டாம் என்கிறது. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒருங்குறியில் (யூனிகோட்) அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், ஒரு விசைப்பலகையில் போட்ட கடவுச்சொல் இன்னொன்றில் பிழையாகிவிடும். நம் அறைகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று விசைப்பலகையும் மாறி மாறி இருக்கும். லொகின் திரையில் எது இயங்குகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது, அடிப்பது புள்ளியாகத்தான் தெரியும். அதனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். 'ழ' வரும் சொல்லைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அதை இன்று ஒரு மாதிரியும் நாளை ஒரு மாதிரியும் அடிப்பார்கள். லொகின் திரையின் விசைப்பலகையை எல்லா மெஷினிலும் ஆங்கிலமாகவே நிறுத்திவிடுங்கள்.

பிழையாக அடித்தால் கணக்கைப் பூட்டும் அமைப்பிலும் கவனம் வேண்டும். ஐந்து முறை பிழைத்தால் நிர்வாகி திறக்கும்வரை பூட்டு என்று வைத்தால், பரீட்சை நாளில் ஒரு குறும்பன் வகுப்பு முழுவதையும் பூட்டிவிடுவான். பயனர் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதானே. சில நிமிடம் தாமதித்துத் தானாகத் திறக்கும்படி வையுங்கள்.

மறந்து வரும் பிள்ளைக்குக் கடவுச்சொல் மாற்றும் உரிமையை வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கே கொடுங்கள், ஆனால் மாணவர் கணக்குகளுக்கு மட்டும். சம்பாவில் இந்த அளவுக்கு உரிமையைப் பிரித்துக் கொடுக்க முடியும். பிள்ளை நேரில் நிற்க வேண்டும், தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று, முதல் முறை நுழைந்ததும் மாற்றியே ஆக வேண்டும். போனில் கேட்டால் மாற்றிக் கொடுக்கக்கூடாது, அண்ணன் என்று சொன்னாலும் சரி.

நிர்வாகி வீட்டிலிருந்து சேர்வருக்குள் வருவதற்குக் கடவுச்சொல்லை மூடிவிட்டு, தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். மென்பொருளின் திறப்பை, அதாவது நிர்வாகியின் மெஷினில் இருக்கும் இரகசியக் கோப்பை, மட்டும் விடுங்கள். பின்லாந்தைச் சேர்ந்த தாத்து இலோனென், தன் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதற்குப் பிறகு 1995இல் எழுதியது அந்த மென்பொருள். திறந்த இணையத்தில் அதன் வாசல் தெரிந்தால் கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் இரவு பகலாக வரும். திறப்பு மட்டும் என்றால் அவை ஒன்றும் செய்யாது. நிர்வாகி ஒருவர் மட்டும் இருக்கவும் கூடாது. அவர் வெளிநாடு போய்விட்டால் அறை அப்படியே நின்றுவிடும். இரண்டாவது நிர்வாகிக்கு அவருடைய பெயரிலேயே கணக்கும் திறப்பும் கொடுங்கள். அவசரத்துக்கான கடவுச்சொல்லை எழுதி ஒட்டிய உறையில் போட்டு நிர்வாகக் குழுவின் பொருளாளரிடம் வையுங்கள். உறை பிரிக்கப்பட்டால் அன்றே புதியது போட வேண்டும்.

பணமும் ஆளும் குறைவான இடம் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. பொதுக் கணக்கை நிறுத்திப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்குக் கொடுப்பதை வருடத் தொடக்கத்தில், புதிய வகுப்பு சேரும் கிழமையில் செய்யுங்கள், தவணை நடுவில் வேண்டாம். ஆசிரியர்களுக்கான போன் செயலி இலக்கம் அதற்கடுத்த தவணையில் வரட்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து போகும் பிள்ளைகளின் கணக்கை உடனே அழித்துவிடாமல் நுழைவை மட்டும் நிறுத்தி வையுங்கள். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளப் பெறுபேறு வரும்வரை அவகாசம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அழியுங்கள்.